நாணும் திரியும்

போன பங்குனியில் ஊருக்குப் போயிருந்தபோது, பரணில் கிடந்த வில்லை இறக்கித் தரச் சொன்னார் மாமா. ஏழாயிரம்பண்ணையில் எங்கள் மாமா வீட்டுப் பரண் ஒரு சின்ன அருங்காட்சியகம். தீப்பெட்டி ஆபீஸ் காலத்துக் குச்சி அடுக்கும் சட்டங்கள், பித்தளைக் குத்துவிளக்கின் ஒரு பாதி, எந்தத் தேர்தலிலோ மிஞ்சிய கொடித்துணி. இதற்கெல்லாம் அடியில் பழைய வேட்டியில் சுற்றப்பட்டு வில் இருந்தது. பத்தடிக்குக் கொஞ்சம் குறைவு. அதை நிமிர்த்தி இறக்குவதற்குள் டியூப்லைட்டை ஒரு தட்டு தட்டிவிட்டேன். மணிகள் குலுங்கின. கீழே நின்ற மாமா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவருக்குக் கேட்கவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்த பட்டாசு ஆலையில், பக்கத்து அறையில் மருந்து வெடித்தது. உயிர் தப்பியது. வலது காது மொத்தமாகப் போனது. இடது காதில் பாதி மிச்சம், அதுவும் வருஷா வருஷம் தேய்ந்துகொண்டே வருகிறது. அதற்கு முன்பு அவர் பகலில் பட்டாசு வேலை பார்ப்பார், கொடைக் காலத்தில் ராத்திரி வில்லடிப்பார். அண்ணாவி என்று ஊரில் கூப்பிடுவார்கள். வெடிப்புக்குப் பிறகும் சில வருஷம் அடித்தார். அப்புறம் குடம் அடிக்கிறவர் இறந்துபோனார், கோயில் கமிட்டி இன்னிசைக் கச்சேரி பக்கம் போய்விட்டது. வில் பரணுக்குப் போனது.

இந்த வருஷம் சித்திரைக் கொடைக்கு மறுபடி வில் வைக்கலாம் என்று கமிட்டியில் யாரோ பேச்செடுத்திருக்கிறார்கள். உடனே இன்னொருவர், "காது கேக்காத ஆளு எப்படி தாளம் பிடிப்பாரு?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. மாமாவிடம் கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

*

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது அவர் ஒருமுறை என்னை வில்லின் ஒரு நுனியில் உட்கார வைத்தார். நாண் கட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விரலை வைக்கச் சொல்லிவிட்டு, மறு நுனிக்குப் போய் வீசுகோலால் ஒரே ஒரு தட்டு தட்டினார். விரலில் சுருக்கென்று ஏதோ மோதியது.

"வந்துச்சா?"

"என்ன மாமா?"

"நான் அனுப்பினது."

பிறகு நான் இன்ஜினியரிங் படித்தேன். மூன்றாவது செமஸ்டரில் இழுத்துக் கட்டிய கம்பியில் குறுக்கலை என்று ஒரு பாடம் வந்தது. பகுதி வகைக்கெழுச் சமன்பாடு, எல்லை நிபந்தனைகள், பதினாறு மதிப்பெண் கேள்வி. படித்தேன், எழுதினேன், மறந்தேன். வேலை கிடைத்தது மென்பொருளில். அந்தச் சமன்பாடும் மாமா அனுப்பியதும் ஒன்றுதான் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. யாரும் சொல்லித் தரவுமில்லை.

இப்போது யோசித்தால், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை நடத்த ஒரு சுலபமான வழி இருக்கிறது. திரியில் தொடங்கலாம். பட்டாசுத் திரியைப் பற்றவைத்தால் நெருப்பு ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு ஓடுகிறது. நாணைத் தட்டினாலும் ஒரு மேடு ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு ஓடுகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். திரியில் ஓடும் நெருப்புக்கு உங்கள் தீக்குச்சி தந்தது ஒரு தொடக்கம் மட்டுமே. அதன்பிறகு ஒவ்வொரு அங்குலமும் தன்னிடம் உள்ள மருந்தைத்தான் எரிக்கிறது. ஊதுபத்தியால் கொளுத்தினாலும் பந்தத்தால் கொளுத்தினாலும் மறுமுனை வெடி ஒரே அளவுதான். எரிந்து முடிந்தால் திரி சாம்பல்.

நாணில் நடப்பது வேறு. அதற்கென்று சொந்தமாக மருந்து கிடையாது. உங்கள் கை கொடுத்ததை அது சுமந்துகொண்டு போகிறது, அவ்வளவுதான். மெதுவாகத் தட்டினால் சின்னதாகப் போய்ச் சேரும். மேட்டின் உயரம் இரண்டு மடங்கானால் அது சுமக்கும் ஆற்றல் நாலு மடங்கு. நாணில் நடுவே ஒரு சிவப்பு நூலைக் கட்டிப் பாருங்கள், மேடு கடக்கும்போது நூல் மேலே போய்க் கீழே வரும், வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒரு மயிரிழைகூட நகராது. நாண் இருந்த இடத்தில் இருக்கிறது, ஆற்றல் போய்விட்டது. அந்த ஆற்றலில் பாதி நாணின் அசைவில் இருக்கிறது. மறுபாதி, மேடான இடத்தில் நாண் துளி நீண்டு இழுபட்டு நிற்பதில் இருக்கிறது. இழுத்த ரப்பரில் இருக்குமே, அதே சமாச்சாரம்.

மாமாவின் காதைப் பறித்தது மூன்றாவது வகை. வெடிப்பில் காற்று முன்னும் பின்னும் நெருக்கப்பட்டு ஓடுவது நெட்டலை. அது எதையும் தேர்ந்தெடுத்துச் சுமப்பதில்லை, எதிர்ப்பட்ட எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போகும்.

*

நாணின் கணக்கு உலகத்தில் எப்படி எழுதப்பட்டது என்பது தனிக் கதை. ஐரோப்பாவில் அதைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் பாட்டோடு சம்பந்தப்பட்டவர்கள். கலிலியோவின் அப்பா வின்சென்சோ லூட் வாத்தியக்காரர். ஒரு கம்பியின் சுருதியை ஒரு ஸ்தாயி ஏற்ற வேண்டுமானால் அதில் தொங்கும் எடையை இரண்டு மடங்கு ஆக்கினால் போதாது, நாலு மடங்கு வேண்டும் என்று காட்டியவர் அவர். அதற்கு முன்பு ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகப் புத்தகங்கள் பித்தாகரஸ் பெயரில் தப்பான கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. யாரும் எடையைத் தொங்கவிட்டுப் பார்க்கவில்லை. மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1636இல் நீளம், இழுவிசை, கனம் மூன்றுக்கும் சேர்த்து விதி எழுதினார். வாத்தியக் கம்பி அதிர்வதைக் கண்ணால் எண்ண முடியாது என்பதால் மிக நீளமான கயிறுகளை இழுத்துக் கட்டி, மெதுவாக ஆடவிட்டு எண்ணினார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

பிறகு 1747. தலம்பேர் என்ற கணிதக்காரர். 1717இல் பாரிஸில் ஒரு தேவாலயப் படிக்கட்டில் விட்டுப்போகப்பட்ட குழந்தை. அந்தக் கோயிலின் பெயரையே ழான் லெ ரோன் என்று வைத்தார்கள், கண்ணாடி வேலைக்காரர் ஒருவரின் மனைவி எடுத்து வளர்த்தார். அவர்தான் அலைச் சமன்பாட்டை முதலில் எழுதியவர். குறியீடுகளை விட்டுவிட்டுச் சொன்னால் விஷயம் எளிது. நாணின் ஒரு புள்ளி எவ்வளவு வளைந்திருக்கிறதோ, அவ்வளவு வேகமாக நேராகத் துடிக்கும். அங்கிருந்து தலம்பேர் ஒரு அபாரமான முடிவுக்கு வந்தார். நாண் எப்படி ஆடினாலும் சரி, அது இரண்டு உருவங்களின் கூட்டல்தான். ஒன்று உரு மாறாமல் வலப்பக்கம் ஓடுகிறது, இன்னொன்று உரு மாறாமல் இடப்பக்கம் ஓடுகிறது. கட்டிய நுனியில் மோதினால் தலைகீழாகித் திரும்பும். நீங்கள் பார்ப்பது இரண்டும் கடந்துபோகும்போது உண்டாகும் தோற்றம்.

சண்டை அதற்கப்புறம் ஆரம்பித்தது. நாணை விரலால் இழுத்துப் பிடித்தால் அது முக்கோணமாகிறது, இழுத்த இடத்தில் ஒரு முறிவு. அந்த முறிவில் வளைவு எவ்வளவு என்று கேட்டால் பதில் கிடையாது. தலம்பேர், 'என் சமன்பாடு அந்த மாதிரி உருவங்களுக்குப் பொருந்தாது' என்று ஒதுங்கினார். ஆய்லர் விடவில்லை. கையால் கிறுக்கிய எந்தக் கோடும் நாணுக்குத் தொடக்கமாக இருக்கலாம், இயற்கை அதைப் பற்றிக் கவலைப்படாது என்றார். 1753இல் டேனியல் பெர்னூலி வந்து, எல்லாமே சைன் வளைவுகளின் கூட்டல்தான் என்றார். மற்ற இருவரும் அவரை ஏற்கவில்லை. மூவரும் கடைசிவரை ஒத்துப்போகவும் இல்லை. ஃபூரியே வந்து பெர்னூலி பக்கம் நியாயம் இருப்பதைக் காட்ட அடுத்த நூற்றாண்டு ஆனது. ஒரு கயிற்றை இழுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதில் ஐரோப்பாவின் மூன்று பெரிய மூளைகள் பல வருஷம் மல்லுக்கட்டியிருக்கின்றன. நான் தேர்வில் பதினாறுக்கு ஒன்பது வாங்கியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த முறிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அது திரும்ப வரும்.

*

இதே காலத்தில் எங்கள் பக்கத்து நாண்கள் என்ன செய்துகொண்டிருந்தன?

வில்லை வாசிப்பது இங்கே மிகப் பழைய காரியம். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் ஒரு இடையன் வருகிறான். குழல் ஊதிச் சலித்தவன், குமிழ மரக் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து வாசிக்கிறான். யாழ் வில்லிலிருந்து வந்தது என்று சொல்ல நம்மிடம் உள்ள அழகான சாட்சி அது. விபுலாநந்த அடிகள் பல வருஷம் உழைத்துப் பழைய யாழ்களைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்து 1947இல் 'யாழ்நூல்' கொண்டுவந்தார். அந்தப் புத்தகம் வந்த அடுத்த மாதமே இறந்துபோனார். யாழ் மறைந்து அதன் இடத்தில் வீணை உட்கார்ந்தது. வில் மட்டும் தெற்குச் சீமையின் கோயில் கொடைகளில், சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் முன்னால், மண்குடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

எங்கள் ஊருக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஏழாயிரம்பண்ணை ஒரு பாளையம். 1799இல் கட்டபொம்மன் பக்கம் நின்ற பாளையங்களில் அதுவும் ஒன்று. அந்த வருஷம் அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்து ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி முதலான பாளையங்களையும் கும்பெனி பறிமுதல் செய்தது. கோவில்பட்டியைத் தாண்டிக் கிழக்கே போனால் எட்டயபுரம். அது கும்பெனி பக்கம் நின்றது. ஆகவே பிழைத்தது, வளர்ந்தது.

நல்லது கெட்டது பேச நான் இதைச் சொல்லவில்லை. பிழைத்த அரண்மனையில்தான் வித்வானுக்குச் சம்பளம் கொடுக்க முடியும். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில், புனித ஜார்ஜ் கோட்டை பேண்டு வாத்தியக்காரர்களைக் கேட்டு ஆசைப்பட்டு, ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றவர். அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கிய முன்னோடி என்று அவரைத்தான் சொல்வார்கள். அவரை ஆஸ்தான வித்வானாக வைத்துக்கொண்டது எட்டயபுரம் அரண்மனை. தம்பியைப் பார்க்கச் சாத்தூர் வழியாகப் போன அண்ணன், காய்ந்து கிடந்த கரிசலைப் பார்த்து மனம் கேட்காமல் அமிர்தவர்ஷிணி பாடியதாகவும், மழை கொட்டியதாகவும் கர்ணபரம்பரைக் கதை. எங்கள் பட்டாசுக்காரர்களுக்கு அந்த ராகம் ஆகாது. மழை பெய்யாத ஊர் என்பதால்தானே இந்தத் தொழிலே இங்கே வேர் பிடித்தது. முத்துசாமி தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்திலேயே காலமானார், அன்றைக்குத் தீபாவளி. பாலுசாமியின் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் அச்சிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' இன்றும் வித்வான்கள் புரட்டும் நூல்.

நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குள் இரண்டு பாளையங்கள், இரண்டு வகை நாண். அங்கே வயலினுக்கும் வீணைக்கும் அச்சகம் இருந்தது. இந்தப் பக்கம் கதைப்பாடல்கள் வாயிலும் ஏட்டிலுமாகக் கிடந்தன. கட்டபொம்மு கதைப்பாடலைத் தேடிப் பதிப்பிக்க நா. வானமாமலை வரவேண்டியிருந்தது. வில்லடித்தவர்களில் சாத்தூர் பிச்சைக்குட்டி பெயர் ஊருக்குத் தெரியும். மற்றவர்கள் பெயர் அந்தந்தக் கொடை நோட்டீஸோடு போய்விட்டது.

*

முறிவு திரும்ப வருவது ஜெர்மனியில். 1860 வாக்கில் ஹெல்ம்ஹோல்ட்ஸ், வில் போட்டு இழுக்கும் வயலின் கம்பியை ஒரு தனிவகை நுண்ணோக்கியால் பார்த்தார். கண்ணுக்கு அந்தக் கம்பி ஒரு மெல்லிய இலை வடிவில் உப்பித் தெரியும். உண்மையில் அது எந்த நொடியிலும் உப்பியிருப்பதில்லை. இரண்டு நேர்கோடுகள், நடுவில் ஒரே ஒரு முறிவு. அந்த முறிவு கம்பி நெடுக ஓடி, நுனியில் திரும்பி, மறுபடி ஓடுகிறது. கம்பியை வில் பிடித்து இழுத்துக்கொண்டே போகும், முறிவு வந்து தட்டும்போது கம்பி நழுவிப் பின்னால் பாயும், மறுபடி பிடிபடும். வயலினின் ஏ கம்பியில் இந்தச் சுற்று வினாடிக்கு 440 தடவை. தலம்பேர் தன் கணக்கிலிருந்து விலக்கி வைத்தாரே, அந்த முறிவுதான் வயலினின் உயிரே.

அதை முழுக் கோட்பாடாக்கியவர்களில் முக்கியமானவர் திருச்சித் திருவானைக்காவலில் பிறந்தவர். சி. வி. ராமன் என்றால் ஒளிச்சிதறல், 1930 நோபல் என்று நிறுத்திவிடுகிறோம். அவருடைய முதல் காதல் நாண்கள். அப்பா இயற்பியல் ஆசிரியர், வயலின் வாசிப்பவர். 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போன ராமன், பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் கதவைத் தட்டினார். ஆபீசுக்கு முன்னும் ஆபீசுக்குப் பின்னும் அங்கே ஆராய்ச்சி. ஆசுதோஷ் டே என்ற உதவியாளர் ஒருவர், மற்றபடி கையில் கிடைத்த சாமான்கள். வேலைக்குப் போய்க்கொண்டே வேறொன்றில் உயிரை வைத்திருக்கும் எல்லாருக்கும் அந்தப் பத்து வருஷங்கள் பெரிய ஆறுதல், எனக்கும்தான்.

1909இலேயே பிச்சைக்காரர்களும் பாவுல்களும் வாசிக்கும் ஏக்தாராவைப் பற்றி எழுதினார். 1916இல் வயலின், செல்லோவில் வரும் ஓநாய்ச் சுருதியைப் பற்றி. 1918இல் வந்த பெரிய நூல்தான் வில்லால் இழுக்கப்படும் கம்பிகளின் இயக்கவியல் கொள்கை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு முறிவைப் பார்த்தார், ராமன் பல முறிவுகள் ஒரே கம்பியில் ஓடினால் என்னென்ன அசைவுகள் வரும் என்று வகைப்படுத்தி, புகைப்படம் எடுத்துச் சரிபார்த்தார். மனிதக் கையை நம்பாமல் வயலினை இயந்திரத்தால் வாசிக்கவைத்து அளந்தார்.

எனக்குப் பிடித்தது 1921இல் வீணை, தம்புரா பற்றி அவர் எழுதிய சின்னக் கட்டுரை. கம்பியை ஓரிடத்தில் மீட்டினால், அந்த இடத்தில் அசையாப் புள்ளி உள்ள மேற்சுருதிகள் ஒலிக்கக் கூடாது. தாமஸ் யங் காலத்து விதி அது. வீணையும் தம்புராவும் அதை மீறுகின்றன, கூடாத மேற்சுருதிகள் பலமாகவே கேட்கின்றன. காரணம் குதிரை. வயலின் குதிரை கத்தி முனை மாதிரி, கம்பி ஒரே புள்ளியில் நிற்கும். வீணைக் குதிரையின் மேல்தகடு அகலமாக, மெல்ல வளைந்து சரியும். அதிரும் கம்பி அந்தச் சரிவில் ஒட்டி ஒட்டிப் பிரியும். பெயர் தெரியாத ஆசாரிகள் தலைமுறை தலைமுறையாக அரத்தால் ராவிக் கண்டுபிடித்த வளைவு அது.

அந்த 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு சிவகாசியிலிருந்து இருவர் போனார்கள். அய்ய நாடார், சண்முக நாடார். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பி வந்து சிவகாசியைச் சிவகாசியாக்கினார்கள். ஒரே நகரத்தில், ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரு தமிழர் நாணைப் படித்துக்கொண்டிருந்தார், இருவர் தீக்குச்சியைப் படித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊருக்குத் தீக்குச்சி வந்து சேர்ந்தது. மாமாவுக்கு வேலை கொடுத்தது, காதையும் எடுத்தது.

*

நான் படித்த ராமனின் கட்டுரைகளில் வில்லுப்பாட்டு வில் இல்லை. அதனால் நானே அளந்து பார்த்தேன். பெரிய ஆராய்ச்சியெல்லாம் இல்லை. வில்கம்பின் நுனியில் போனை வைத்து ரப்பர் பேண்டு போட்டேன். அசைவைப் பதிக்கும் செயலி ஒன்று இருந்தது. பழைய தோல் நாண் இற்றுப் போயிருந்ததால் மாமா புதிதாக ஒன்றை வாங்கி வைத்திருந்தார், கட்டுவதற்கு முன்பு மளிகைக்கடைத் தராசில் அதை நிறுத்தேன். 2.8 மீட்டர் நாண், 70 கிராம். அதாவது மீட்டருக்கு 25 கிராம்.

கட்டி, தட்டிப் பார்த்தால் போனில் வினாடிக்கு 15 என்று ஒரு மேடு வந்தது. கம்பும் சேர்ந்து ஆடும், ஆகவே தோராயம்தான். மேடு போய்த் திரும்பி வர 5.6 மீட்டர், அதை வினாடிக்கு 15 தடவை. வேகம் 84 மீட்டர். வேகத்தின் வர்க்கம் என்பது இழுவிசையை ஒரு மீட்டர் கனத்தால் வகுத்தது, அதைத் திருப்பிப் போட்டால் இழுவிசை கிட்டத்தட்ட 18 கிலோ எடைக்குச் சமம். வயலின் ஏ கம்பியில் இதே வேகம் வினாடிக்கு 290 மீட்டர் பக்கம் வரும்.

15 என்ற அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மனிதக் காது 20க்குக் கீழே கேட்காது. வில்லின் அடிச்சுருதியை மாமாவுக்கு மட்டுமல்ல, யாருக்குமே கேட்க முடியாது. நமக்குக் கேட்பதெல்லாம் அதன் மேலே ஏறும் மேற்சுருதிகளும், கோல் படும் சத்தமும், மணிகளும்தான்.

இன்னொன்றும் புரிந்தது. வீணைக் கம்பியின் ஆற்றலில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துளிதான் குதிரை வழியாகக் குடத்துக்குக் கசிகிறது. மீதி திரும்பி ஓடுகிறது. அதனால்தான் நாதம் நீள்கிறது. கசிவு அதிகமானால் நாதம் கெட்டுப்போகும், ராமன் ஆராய்ந்த ஓநாய்ச் சுருதி அந்த மாதிரிச் சிக்கல்தான். வில்லில் எல்லாம் தலைகீழ். நாணின் இரண்டு நுனியும் வளைந்து கொடுக்கும் கம்பில் கட்டியிருக்கின்றன. நாண் கொண்டுவந்ததைக் கம்பு அள்ளி வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை மணிகளுக்குக் கொடுக்கிறது, குடத்துக்குக் கொடுக்கிறது. நாண் சீக்கிரம் அடங்கி அடுத்த அடிக்குத் தயாராகிறது. நாதத்துக்காகச் செய்த கருவி இல்லை இது. ஓரிடத்து அடியைப் பத்தடி தூரத்துக்குப் பகிர்ந்து கொடுக்கிற கருவி. வலம் பாடுகிறவர், இடம் பாடுகிறவர், குடக்காரர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில்.

இதையெல்லாம் மாமாவின் இடது காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்திச் சொன்னேன். 15, 84, 18 கிலோ. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மாப்ள, காது போன பொறவு நாலு வருஷம் அடிச்சேன்ல. எப்படி அடிச்சேன்னு நெனைக்க?"

"தெரியல மாமா."

சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர் வலது முழங்காலை வில்கம்பில் ஒட்டி வைத்தார். "இங்கன வந்துரும். குடம் அடிக்கிறதும் வந்துரும். அவரு ஒரு அடி பிந்தினாக்கூட மொழங்காலு சொல்லிரும். பாட்டுதான் கேக்காது. பாட்டு எனக்கு மனப்பாடம்."

கமிட்டிக்காரர் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். நான் அதை அவர்களிடம் போய் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சமன்பாட்டோடு போனால் விரட்டிவிடுவார்கள். அவர்களில் ஒருவரை வீட்டுக்கு வரச்சொல்லிக் கம்பைத் தொடவைத்தால் போதும் என்று அத்தை சொன்னாள். அதுவே சரி.

மாமா வீசுகோலை எடுத்து நாணில் இரண்டு தட்டுத் தட்டினார். முகத்தைச் சுளித்தார். "தொய்வா இருக்கு. இழுத்துக் கட்டு."

நானும் அத்தை மகனும் கம்பை வளைத்துப் பிடித்தோம். அவர் நாணை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். மறுபடி முழங்காலை ஒட்டி வைத்து ஒரு தட்டு.

"இன்னுங் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் இழுத்தோம். என் கை நடுங்கியது. தட்டினார், கண்ணை மூடிக்கொண்டார், தலையாட்டினார். "இப்ப சரி."

போனை எடுத்துப் பார்த்தேன். 17.